தும்பியாற்றில் பதினோரு குடம்

தும்பிப்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் ஆற்று நீரின் நிறம் என்ன என்று கேட்டால், பிள்ளைகள் "என்னிக்குங்க டீச்சர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சாயப்பட்டறைகள் எந்த நிறத்துக்கு ஆர்டர் பிடித்தனவோ அந்த நிறத்தில்தான் தும்பியாறு ஓடியது. ஒரு கோடையில் விவசாயிகள் மூன்று பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் மனு கொடுத்தார்கள். அதில் ஒன்றை ரோஸ்மில்க் என்று நினைத்து அலுவலகத்தில் யாரோ ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்கள். மதியத்துக்குள் பாட்டில் பாதியாகிவிட்டது. குடித்தது யார் என்று கடைசிவரை வெளிவரவில்லை. அந்த வாரம் மூன்று பேர் மருத்துவ விடுப்பில் இருந்தார்கள், அவ்வளவுதான் தெரியும்.

அந்த ஊரில் பிறந்த மிருதுளா வேதியியல் படித்து, அதே ஊர் எல்லையில் இருந்த 'பச்சையம் வினையூக்கிகள்' கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, 2041ஆம் வருஷம் ஒரு பொடியைக் கண்டுபிடித்தாள். தலைமுடியின் தடிமனைப் பல்லாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அந்தப் பொடியின் ஒரு துகள் அவ்வளவு.

"அப்படி என்னதான் கண்ணு பண்ணுது அந்தப் பொடி?" என்று கொடியில் துணி காயப்போட்டபடி கேட்டாள் அவள் அம்மா சாரதாமணி. கொடியில் அவளுடைய சேலைகள் நான்கு தொங்கின. நான்கும் வெள்ளை.

"சாயத்தைத் துண்டு துண்டா ஒடைச்சுப்போடுங்கம்மா. வெயில் பட்டாப் போதும். சாயம் காணாமப் போயிரும், பொடி மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த சாயத்த ஒடைக்கப் போயிரும்."

"பொடி தீராதா?"

"தீராதுங்க. அதுதான் வினையூக்கி. மத்தவங்களுக்குள்ள வேலைய நடத்தி வெச்சுட்டு, அது மட்டும் அலுங்காம வெளிய வந்துரும்."

"உங்க ஒத்தக்கடை அத்தை மாதிரின்னு சொல்லு. ரெண்டு குடும்பத்துக்குள்ள கோள் மூட்டிப் பிரிச்சு வெச்சுப்போட்டு, அவ பாட்டுக்குக் காப்பியக் குடிச்சுட்டு அடுத்த ஊட்டுக்குக் கெளம்பிருவா."

மிருதுளாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுநாளிலிருந்து ஆய்வகத்தில் அந்தப் பொடியின் பெயர் அத்தை.

"அத்தைய அவுத்து விட்டா ஊரே போயிருங்கம்மா. அதனால சுட்ட களிமண் உருண்டைல ஒட்டித் தொட்டிக்குள்ளயே கட்டிப் போட்டுருவோம். பட்டறைத் தண்ணி தொட்டி வழியாப் போகும், தெளிஞ்சு வெளிய வரும். அத்தை வெளிய வரமாட்டா."

"வராம இருந்தாச் சரி" என்றாள் சாரதாமணி.

கொடியில் இருந்த அந்த நான்கு வெள்ளைச் சேலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்தில் யார் வெள்ளை உடுத்துகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தும்பிப்பாளையத்தில் உடுத்தினார்கள். மிருதுளாவின் அப்பா இறந்தபோது தம்பி கௌதம் மூன்றாம் வகுப்பு. அன்று வெள்ளை கட்டிய சாரதாமணி பிறகு மாற்றவில்லை. இப்போது கௌதமுக்கு ஆவணியில் கல்யாணம். அக்காவுக்கு முன்னால் தம்பிக்கா என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், தனக்குப் பிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லி மிருதுளா வாயை அடைத்திருந்தாள். அவளுடைய கவலை அதுவல்ல. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாயோடு உண்ணும் சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை தாலி கட்டப் போகுமுன் தாயோடு ஒரே இலையில் உட்கார்ந்து சாப்பிடுவான். தாய் வெள்ளைச் சேலைக்காரி என்றால் அவள் சமையல்கட்டில் இருப்பாள். அந்த இடத்தில் வேறொரு சுமங்கலி உட்காருவாள்.

"உன்ற அத்தை உக்காரட்டும். அவளும் தாய் மாதிரித்தான்" என்று தன் மனைவியைக் காட்டிச் சொல்லிவிட்டார் தாய்மாமன் நாச்சிமுத்து. சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத் தலைவர் அவர். வீட்டுக்கும் அவரே தலைவர்.

"மாதிரி எதுக்குங் மாமா, தாயே இருக்கறப்ப?"

"அம்மிணி, ஊரு ஒத்துக்காது. நான் ஒத்துக்குவேன். ஊரு ஒத்துக்காது."

ஊர் என்பது பெரும்பாலும் அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். "தூணோரமா நின்னு பாத்துக்கறனுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள் சாரதாமணி. அந்தச் சொல் மிருதுளாவை வதைத்தது. எட்டு வயதுவரை வாய்க்குச் சோறு ஊட்டி வளர்த்தவள், மகன் கடைசியாகப் பிரம்மச்சாரியாகச் சாப்பிடும் சோற்றைத் தூணோரம் நின்று பார்க்க வேண்டுமாம். எப்படியாவது அம்மா அந்த இலையில் உட்கார வேண்டும் என்று அவள் மனதுக்குள் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது.

பொடிக்கு வருவோம். முன்பெல்லாம் இத்தகைய பொடியைச் செய்வதற்கே விஷம் போன்ற ரசாயனங்கள் வேண்டியிருந்தன. ஆற்றைச் சுத்தம் செய்யும் மருந்தைச் செய்து இன்னொரு ஆற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். மிருதுளா அதை இலைச்சாற்றில் செய்தாள். உலோக உப்புக் கரைசலில் இலைச்சாற்றை ஊற்றி வெயிலில் வைத்தால் போதும், துகள் தானாகப் படியும். பல இலைகளைப் பார்த்து, கடைசியில் சீமைக்கருவேல இலைதான் சரியாக வந்தது. ஊரே வெட்டிப் போட அலைகிற மரம், காசில்லாமல் கிடைக்கும். ஆனால் நிர்வாக இயக்குநர் சிவசண்முகம் விளம்பரத் தாளில் துளசிப் படத்தைப் போட்டுவிட்டார். முள்ளுமரப் படத்தைப் பார்த்து எந்த வெளிநாட்டுக்காரன் வாங்குவான் என்பது அவர் கேள்வி.

பசுமைச் சான்றிதழ் கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். பெயர் மாசிலாமணி. பெயரே பாதிச் சான்றிதழ் மாதிரி இருந்ததில் சிவசண்முகத்துக்குப் பரம திருப்தி. மாசிலாமணி இரண்டு நாள் கேள்வி கேட்டார். இலையைக் கையால் பறிக்கிறீர்களா, மெஷினாலா? பறிக்கும் பெண்களுக்கு நிழல் உண்டா? வெந்நீர் சூரிய அடுப்பிலா? பொடியை அடைக்கும் டப்பா பாக்குமட்டையா? வெள்ளிக்கிழமை ஊழியர்கள் சைக்கிளில் வருகிறார்களா? சிவசண்முகம் அந்தச் சைக்கிள் பேரணியைத் தொடங்கி வைக்கக் காரில் வந்த புகைப்படத்தையும் கோப்பில் வைத்தார்கள்.

கடைசிக் கேள்வியும் முடிந்து அவர் பேனாவை மூடியபோது மிருதுளாவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், பொடி எப்படிச் செய்யறோம்னு அத்தனையும் கேட்டீங்க. அது எங்க போய்ச் சேரும், என்ன பண்ணும்னு ஒண்ணுகூடக் கேக்கலையே?"

"எங்க எல்லை உங்க ஃபேக்டரி கேட்டோட முடிஞ்சுடுதும்மா."

"தெரிஞ்சுக்கறதுக்காவது கேக்கலாமே சார்."

மாசிலாமணி நல்ல மனிதர். அவளைப் பரிவோடு பார்த்தார். "கேட்டா நீங்க பதில் சொல்லிடுவீங்க. சொன்னா நான் எழுதணும். எழுதினா அதுக்கு ஒரு கமிட்டி போடுவாங்க. எதுக்கும்மா நமக்கு?" என்று சொல்லிவிட்டு, துளசிச் செடி ஒன்றைப் பரிசாக வாங்கிக்கொண்டு ரயிலேறினார்.

சுத்திகரிப்புத் தொட்டியை ஆடிப்பெருக்கன்று திறப்பதாக ஏற்பாடு. அமைச்சர் வருகிறார். முதல்நாள் அமைச்சரின் உதவியாளர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா இங்க என்ன பண்றாரு?" என்று கேட்டார்.

"சுவிட்ச் அழுத்துவாருங்க" என்றார் சிவசண்முகம்.

"சுவிட்சா? இந்த மாசம் நாலு சுவிட்ச் அழுத்திட்டாருங்க. டிவியில யாருமே பாக்க மாட்டேங்கறாங்க. ஆடிப்பெருக்கு அதுவுமா ஆத்துல எதையாச்சும் ஊத்துனா நல்லா இருக்கும். பித்தளைக் குடம், மஞ்சக்கயிறு, மாவிலை."

"பொடியக் கரைச்சு ஊத்திடலாமுங்களே!" என்று சிவசண்முகம் துள்ளினார்.

மிருதுளா பதறினாள். "சார், அத்தைய உருண்டைல கட்டாம ஆத்துல விடவே கூடாது. அப்பறம் புடிக்கவே முடியாது. வேணும்னா மஞ்சத் தண்ணியக் கலக்கித் தாறேன். பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"மஞ்சத் தண்ணிய ஊத்துனா ஆறு எப்படிம்மா தெளியும்? ஊத்துன எடத்துல தெளியறத நேரலையில காட்டணும். ஏம்மா, இலைச்சாறுல பண்ணுனதுதானே? சான்றிதழ் வாங்கியாச்சுல்ல? இதுக்கு மேல என்ன?"

எப்படிச் செய்தோம் என்பது வேறு, என்ன செய்யும் என்பது வேறு என்று அவள் எடுத்துச் சொன்னாள். அவர்கள் அதற்குள் குடத்துக்கு எந்தக் கடையில் சொல்வது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்று மாலையே அவள் பொடி அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் பூட்டு உடைந்து கிடந்தது. கம்பெனியின் பூட்டு, கம்பெனியின் கதவு. யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

ஒரு குடத்தோடு நின்றிருந்தால்கூட ஊர் தப்பித்திருக்கும். அமைச்சருக்கு ஒரு குடம் என்றதும் சட்டமன்ற உறுப்பினர் தனக்கும் வேண்டுமென்றார். அவருக்குக் கொடுத்தால் மாவட்டச் செயலாளருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. பிறகு கவுன்சிலர்கள், கூட்டணிக் கட்சிக்காரர்கள், சங்கத் தலைவர் என்ற முறையில் நாச்சிமுத்து மாமா. யார் குடத்திலும் பொடி குறைந்துவிடக் கூடாது என்று ஒருவர் குடத்தை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் பதினோரு குடம். நாதஸ்வரம் முழங்க, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று வரிசையாக ஊற்றினார்கள். அன்று ஆறு கத்திரிப்பூ நிறம். ஊற்றிய இடத்தில் முதலில் ஒரு வட்டம் தெளிந்தது. வட்டம் பெருத்தது. ஒரு மணி நேரத்தில் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. அந்த ஊரில் கூழாங்கல்லைப் பார்த்தவர்களே குறைவு. ஜனங்கள் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். கரையில் நின்ற மிருதுளாவுக்கும் கண் கலங்கியது. தன் பொடி வேலை செய்கிறது என்ற பெருமையும், ஐயோ இது வேலை செய்கிறதே என்ற பயமும் ஒரே சமயத்தில் வந்தன.

முதலில் போனது அமைச்சரின் வேட்டிக் கரை. ஈர வேட்டியோடு வெயிலில் நின்று பேட்டி கொடுத்துவிட்டு அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய் மேடையேறியபோது, கட்சிக்கரை இருந்த இடம் சுத்த வெள்ளையாக இருந்தது. அமைச்சர் கட்சி தாவப் போகிறார் என்று சாயங்காலம் மூன்று சேனல்களில் விவாதம். அவர் மறுத்தார். மறுக்கிறார் என்றால் உறுதிதான் என்றார்கள்.

பிறகு ஊர். ஆற்றோரம் படிந்த பொடி காய்ந்ததும் ஆடிக்காற்று அதை வாரிக்கொண்டு வந்து தெருத்தெருவாகத் தூவியது. கொடியில் காய்ந்த துணி வெளுத்தது. கடையில் அடுக்கியிருந்த துணி, வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்ததும் வெளுத்தது. பொட்டு வைத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் வெறும் நெற்றியோடு திரும்பினார்கள். தலைக்கு அடித்த சாயம் ஒரே நாளில் போய்விட்டது. ஐம்பதுக்கு மேல் போக மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து மாமா திடீரென்று எழுபதாகிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் கட்சிக்கொன்று, ஜாதிச் சங்கத்துக்கொன்று என்று பதினான்கு கொடிக்கம்பங்கள் உண்டு. பதினான்கிலும் வெள்ளைக்கொடி பறந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இந்த ஊரில் எல்லோருக்குள்ளும் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையிலேயே இரண்டு வாரம் சண்டை வரவில்லை. எந்தக் கம்பத்தின் கீழே நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இளைஞர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆற்று மீன்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று அரசு அறிக்கை வந்தது. தும்பியாற்றில் மீன் செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

சிரிக்க முடியாதவர்களும் இருந்தார்கள். எந்தத் தண்ணீரில் சாயம் கலந்தாலும் பொழுது ஏறுவதற்குள் வெளுத்தது. பட்டறைகளைப் பூட்டினார்கள். முதலாளிகள் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசினார்கள். ஆட்கள் கை கட்டி நின்றார்கள். எதிர்வீட்டு மயிலாத்தாள் பதினைந்து வருஷமாகச் சாயத்தொட்டியில் வேலை பார்த்தவள். அவள் கை எப்போதும் முழங்கை வரை ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். இப்போது அந்தக் கையும் வெளுத்து, வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு அடுப்பு பல நாள் புகையவில்லை. சாரதாமணி தினமும் ஒரு போசியில் சோறும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எப்பக் கண்ணு சரியாகும்?" என்று மயிலாத்தாள் மிருதுளாவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்.

"பாத்துட்டே இருக்கறனுங்க அக்கா. சீக்கிரம் ஆயிரும்."

மிருதுளா பொய் சொல்லவில்லை. ஆய்வகத்திலேயே கிடந்தாள். அத்தையைப் பிடிக்க முடியாது, ஆனால் வாயை அடைக்கலாம். கந்தகம் ஒட்டிக்கொண்டால் அந்தத் துகள் செத்ததற்குச் சமம். ரசாயனக் கந்தகத்தைக் கொட்டுவதற்கு மாசிலாமணி போனிலேயே மறுத்துவிட்டார். பசுமை முறையில் செய்த விஷத்துக்குப் பசுமை முறையில் செய்த மாற்றுத்தான் வேண்டுமாம். யோசித்து யோசித்து முட்டையில் வந்து நின்றாள். பக்கத்து மாவட்டத்துப் பண்ணைகளில் உடைந்ததும் கெட்டதுமாக லாரி லாரியாகத் தூக்கிப் போடுகிற முட்டைகள். கெட்ட முட்டையின் நாற்றமே கந்தகம்தான்; அந்த நாற்றத்தில்தான் அத்தையின் வாயை அடைக்கும் கொழுக்கட்டை இருந்தது. வடித்து, காய்ச்சி, ஒரு மருந்து செய்தாள். ஆய்வகத்திலேயே புதிதாகச் சாயம் போட்ட ஒரு சிவப்புத் துணித்துண்டை மருந்து கலந்த ஆற்றுத் தண்ணீரில் முக்கி மொட்டை மாடியில் போட்டாள். மூன்று நாள் வெயிலிலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ஊரிலேயே நிறமுள்ள ஒரே துணி அதுதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றபோது, கீழே சிவசண்முகம் போனில் கத்துவது கேட்டது. கூடவே மாமாவின் குரலும் நினைவில் கேட்டது: "கல்யாணத்துக்கு முன்னாடி கலர் வந்துரோணும் அம்மிணி. பொண்ணு வூட்டுக்காரங்க முன்னால மானம் போயிரும்."

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

ஊர் முழுக்க வெள்ளை. யார் சுமங்கலி, யார் விதவை என்று நெற்றியைப் பார்த்தும் தெரியாது, சேலையைப் பார்த்தும் தெரியாது. சீர் நடத்தி வைக்கும் அருமைக்காரர் காங்கயம் பக்கத்திலிருந்து வருகிறவர். அம்மாவை முன்பின் பார்த்ததில்லை. மிருதுளா துணித்துண்டை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

"இன்னும் ஒரு வாரம் ஆகும் சார்" என்றாள்.

அன்று மாலை மயிலாத்தாள் வழக்கம்போல் கேட்டாள். "சீக்கிரம் ஆயிருங்க அக்கா" என்று வழக்கம்போல் சொன்னாள். நேற்றுவரை நிஜமாக இருந்த அந்த வாக்கியம் இன்று பொய்யாகிவிட்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் அவள் எதிர்வீட்டைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா போசியோடு தெருவைக் கடந்து போகும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கல்யாண மண்டபம் சலவைக்குப் போட்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வெள்ளை, மணப்பெண் வெள்ளை, ஆயிரம் பேர் வெள்ளை. கூறைப்புடவையின் ஜரிகை மட்டும் தாக்குப்பிடித்து மின்னியது. நாச்சிமுத்து மாமா வாசலில் மாலையோடு அமைச்சருக்காகக் காத்திருந்தார். அமைச்சர் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கரையில்லாத வேட்டியும் நரைத்த தலையுமாக வந்தவரை யாரும் அடையாளம் காணவில்லை. யாரோ ஒரு பெரியவர் என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் அருமைக்காரர் இலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். எதிரே ஒரே மாதிரி நாற்பது பெண்கள். "தாயோடு உங்கற சீருங்க. மாப்பளையோட தாயாரு யாருங்க?"

அத்தை, கோள் மூட்டுகிறவள் அல்ல, மாமாவின் மனைவி, எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்வதற்குள் கௌதம் தூணைக் காட்டினான். "அதோ நிக்கறாங்களே, அவங்கதானுங்க எங்கம்மா."

"தாயி அங்க நின்னா எப்படிங்க? வாங்க, வாங்க, நேரமாச்சு" என்று அருமைக்காரர் அதட்டினார். சாரதாமணி நகரவில்லை. மிருதுளா போய் அவள் கையைப் பிடித்தாள். "வாங்கம்மா. இன்னிக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்றாள்.

சாரதாமணி இலையில் உட்கார்ந்தாள். கௌதம் ஒரு வாய் எடுத்து அம்மாவுக்கு ஊட்டினான். அவள் அவனுக்கு ஊட்டினாள். எட்டு வயதில் நின்றுபோன கை அது. பழக்கம் மறக்கவில்லை, சோற்றை உருட்டிக் கட்டைவிரலால் தள்ளினாள். மிருதுளா விம்மி அழுதாள். வீடியோக்காரர் அதையும் எடுத்தார். பந்தியிலிருந்து அமைச்சரைக் கண்டுபிடித்து மாமா இழுத்துக்கொண்டு வந்தபோது சீர் முடிந்து இலையை மடித்தாயிற்று.

மறுநாள் மருந்தை ஆற்றில் விட்டார்கள், தெருத்தெருவாகவும் தெளித்தார்கள். ஊர் இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூன்றாம் நாள் நிறத்துக்குத் திரும்பியது. முதலில் வந்தவை புதுச் சாயம் போட்ட பதினான்கு கொடிகள். அன்று சாயங்காலமே கொடிக்கம்பத்தடியில் இரண்டு பேர் மண்டை உடைந்தது. அடுத்து வேட்டிக் கரைகள், அதற்கடுத்து மாமாவின் தலை. பச்சையம் கம்பெனிக்கு ஆற்றை மீட்டதற்கு ஒரு விருதும், ஊரை மீட்டதற்கு இன்னொரு விருதும் கொடுத்தார்கள். இரண்டையும் சிவசண்முகம் காரில் போய் வாங்கினார்.

நிறம் வந்ததும் ஊருக்குக் கண்ணும் வந்தது. பெண்ணின் பெரியம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பத்துப் பேரோடு வந்துவிட்டாள். "அருதலிச்சி உக்காந்த சீரு செல்லுமாங்க?" என்று நடுவீட்டில் நின்று கேட்டாள். சாரதாமணி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். மிருதுளா பதில் சொல்ல எழுந்தபோது மாமா கையமர்த்தினார். அவருடைய கணக்கு வேகமாக ஓடியது. சீர் செல்லாது என்றால் கல்யாணம் செல்லாது. கல்யாணம் செல்லாது என்றால் தலைமை தாங்கிய தான் செல்லாது.

"அம்மிணி, அருதலின்னு எத வெச்சுக் கண்டுபுடிப்பீங்க?" என்று பெரியம்மாவைக் கேட்டார்.

"இதென்ன கேள்வி? வெள்ளைச் சேலை, வெறும் நெத்தி."

"அன்னிக்கு மண்டபத்துல நீங்க என்ன சேலை?"

பெரியம்மா வாயைத் திறக்குமுன் மாமாவே பதிலையும் சொன்னார்.

"வெள்ளை. நெத்தியிலயும் ஒண்ணுமில்ல. வீடியோவுல இருக்குது, போடச் சொல்லட்டுமா? அன்னிக்கு அருதலின்னா அத்தன பேரும் அருதலி. நீங்களும் அருதலி, பொண்ணும் அருதலி. இல்லைன்னா ஒருத்தரும் இல்ல. எப்படி வெச்சுக்கலாம், நீங்களே சொல்லுங்க."

பெரியம்மா காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள். ஊர் ஒத்துக்கொண்டது. மாமா புதுத் தலைச்சாயம் பளபளக்க, உலகத்தையே திருத்திவிட்டவர்போல் நாற்காலியில் சாய்ந்தார்.

மறுநாள் காலையில் சாரதாமணி பீரோவிலிருந்து தன் வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்தாள். அதன் மடிப்புக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் துணித்துண்டை உருவி மகளிடம் காட்டினாள். கல்யாண அமளியில் எங்கோ தொலைந்தது என்று மிருதுளா நினைத்திருந்த துண்டு.

"கல்யாணத்துக்கு முந்துன வாரம் உன்ற சாப்பாட்டுப் பையத் தொவைக்கையில கெடச்சுது. இதையும் தொவைச்சு வெயில்ல போட்டேன். பொழுது சாயற வரைக்கும் செவச்செவன்னு இருந்துச்சு."

"அப்பவே தெரியுமா? ஏம்மா எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீ நெசத்தச் சொல்லிப்போடுவ கண்ணு. சொல்லிட்டீன்னா, மருந்த ஊத்துன்னு நான் சொல்லோணும்." சாரதாமணி துணித்துண்டை விரலால் நீவினாள். "எனக்கு அந்த இலையில உக்காரோணும்னு இருந்துச்சு."

கேட்டால் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்கள் என்று மாசிலாமணி சொல்லிவிட்டு ரயிலேறிய நாள் மிருதுளாவுக்கு நினைவு வந்தது.

வாசலில் மயிலாத்தாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கை மறுபடி முழங்கை வரை ஊதாவாக இருந்தது. சாரதாமணி சேலையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினாள்.

"இந்தச் செவப்புல இந்தச் சேலைய முக்கித் தாறியா மயிலா?"

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

மயிலாத்தாள் முகம் மலர்ந்துவிட்டது. "கட்டிக்கோங்க, நல்லாக் கட்டிக்கோங்க" என்று துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "பல நாள் வெயில்ல காஞ்சு, மடிப்புல கெடந்து பழகுன துணியாட்ட இருக்குதே. தண்ணி சரியாகி நாலு நாள்தானுங்களே ஆச்சு? இது எப்பப் போட்ட சாயம்?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். சாரதாமணி தலையைக் குனிந்துகொண்டாள். மிருதுளா சொல்லிவிட்டாள்.

"கல்யாணத்துக்கு முந்துன வாரமுங்க அக்கா. மருந்து அப்பவே தயாரு. நான்தான் நிறுத்தி வெச்சேன்."

மயிலாத்தாள் அவளைப் பார்த்தாள். பிறகு சாரதாமணியைப் பார்த்தாள். அந்த வாரம் தினமும் போசியில் வந்த சோற்றின் நினைவு அவள் முகத்தில் வந்து போனது. திட்டுவாள் என்று மிருதுளா காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சேலையக் குடுங்க" என்றாள் மயிலாத்தாள். "கெட்டிச் சாயமாவே போட்டுத் தாறனுங்க. இத்தன ஊட்டுல அடுப்பெரியாம வந்த செவப்பு. சீக்கிரம் வெளுத்துப்போயிரக் கூடாது பாருங்க."

சேலையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சங்கு ஊதிவிட்டதென்று பட்டறையைப் பார்த்து வேகமாக நடந்தாள்.